ஒன்பதாம் மடைக்கு ஒரு குரல்

பூவத்தி வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்னால் சண்டை வந்துவிடும். ஆறு வெறும் மணலாகக் கிடக்கும்போதே இங்கே மண்வெட்டிக்குப் பிடி போட ஆரம்பித்துவிடுவார்கள். அது இந்த வாய்க்காலின் பிறவிக்குணம். அப்படிப்பட்ட ஊரில், அன்றைக்கு மதகடியில் கூடிய அத்தனை பேரும் மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்தபடி நின்றார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். பாசனச் சங்கக் கொட்டகை கொள்ளாமல் ஜன்னல் கம்பியில் வேறு தொங்கினார்கள்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் காத்தாயி. கீழப்பூவத்தி எல்லையம்மாளின் ஒரே மகள், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். குலதெய்வத்தின் பெயரை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனியில் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கேத்தி என்று சுருக்கிக் கூப்பிடப் பார்த்தார்கள். காத்தாயி என்றால் காத்தாயிதான், வாயில் நுழையாவிட்டால் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு வீறாப்புள்ள பெண் அன்று நிமிஷத்துக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்க்காமல் என்ன செய்வாள்?

பன்னிரண்டு அடித்தால் ஹமீது பாயின் ரைஸ்மில் சங்கு ஊதும். அதற்குள் கம்ப்யூட்டர் முறைத்தாளை அச்சடித்துத் தந்தாக வேண்டும். எந்த மடைக்கு முதல் தண்ணீர், எதற்குக் கடைசி, எவ்வளவு நேரம் என்று சொல்கிற தாள் அது. சங்கு ஊதியும் தாள் வராவிட்டால் மாமூல். மாமூல் என்றால் தலைமடையிலிருந்து பாய்ச்சுவது. வாய்க்காலில் மொத்தம் ஒன்பது மடை. முதல் மடை மேலப்பூவத்தி பஞ்சநாதனுடையது. ஒன்பதாவது எல்லையம்மாளுடையது.

மேட்டூரில் சேறுதான் மிச்சம் என்று பேப்பரில் படம் போட்ட வருஷம் அது. கும்பிட்டுக் கூத்தாடி ஆற்றில் கொஞ்சம் திறந்திருந்தார்கள். சொன்ன நாள் வரைக்கும் தண்ணீர் வந்ததாகப் பூவத்தியில் சரித்திரமே கிடையாது. முதலில் பாய்கிறவனுக்குத் தண்ணீர், கடைசியில் நிற்கிறவனுக்கு ஈர மண். எல்லையம்மாள் நேரடியாக விதைத்த சம்பா ஒரு சாண் முளைத்து நின்றது, கீழே கால் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. இந்த முறை முதலில் பாய்ந்தால் பயிர் பிழைக்கும். இல்லாவிட்டால் மாட்டை அவிழ்த்து விடவேண்டியதுதான்.

அந்த நிலத்துக்கு ஒரு கதை உண்டு. எல்லையம்மாள் பஞ்சநாதனின் அப்பாவுக்குக் கூலிக்கு நட்ட நிலம் அது. உச்சவரம்புச் சட்டத்தில் மிச்ச நிலமென்று எடுத்து, உழைத்தவர்களுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். பட்டா கைக்கு வருவதற்குள் வைக்கோல் போர் எரிந்தது, மண்டைகள் உடைந்தன, போலீஸ் வேன் வந்து ஆலமரத்தடியிலேயே குடியிருந்தது. நிலத்தை விட்டவர்கள் தண்ணீரை விடவில்லை. அதற்கப்புறம் ஆட்சி மாறினால் முறையும் மாறும். இந்தக் கரைவேட்டி வந்தால் தலைமடைக்கு முதலில், அந்தக் கரைவேட்டி வந்தால் கடைமடைக்கு முதலில். பயிருக்குக் கட்சி தெரியுமா, பாவம்!

கடைசியில் இரண்டு கரைவேட்டிகளையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பேசியபோது, ரைஸ்மில் அப்துல் ஹமீது ஒரு யோசனை சொன்னார். அவருக்கு வாய்க்காலில் ஒரு குழி நிலம் கிடையாது, அதனால் அவர் பேச்சுக்கு இரண்டு பக்கமும் மரியாதை. அவருடைய தம்பி மகன் மூஸா நீடாமங்கலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டருக்குச் சாதி இல்லை, கட்சி இல்லை, மாமன் மச்சான் இல்லை, முறையை அதுவே சொல்லட்டும் என்றார் பாய். தண்ணீர் குறைந்த காலத்தில் கடைமடைக்கே முதல் தண்ணீர் என்று மதகடியில் வாய்ப்பேச்சாகவும் முடிவானது. மூஸா சி மொழியில் புரோகிராம் எழுதினான். எழுதியதை ஃபிளாப்பியில் போட்டுத் துணியில் சுற்றி அரக்கு வைத்து, மில் இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். நெல் அளக்கிற மரக்காலுக்கு முத்திரை குத்துவதில்லையா, அதே நியாயம். அதில் ஒரு எழுத்து மாறினாலும் ஒப்பந்தம் செல்லாது.

இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். முறைத்தாளில் முதலில் வருகிற பெயரை முதல் மடைக்காரர் கரையில் நின்று கூப்பிட வேண்டும். அந்தக் குரலை இரண்டாம் மடைக்காரர் வாங்கி மூன்றாம் மடைக்குக் கொடுக்க, அப்படியே கடைசிவரை குரல் போகும். உரியவருக்குப் பெயர் போய்ச் சேர்ந்து அங்கிருந்து பதில் குரல் வந்த பிறகுதான் மதகுக்குப் பொறுப்பான லஸ்கர் அய்யாக்கண்ணு சக்கரத்தைச் சுற்றி ஷட்டரை ஏற்றுவார். பஞ்சநாதன் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. முறை வந்தால் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். தன் ஆளைவிட்டுக் கூப்பிடச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

நாலைந்து வருஷம் இப்படி ஓடியது. அந்தக் கோடையில் கம்ப்யூட்டருக்குள் எலி புகுந்து குட்டி போட்டு, ஒயரையெல்லாம் தின்று தீர்த்துவிட்டது. மூஸாவோ துபாய்க்குப் போய்விட்டான். அப்போதுதான் காத்தாயி தன் கம்பெனியில் ஓரங்கட்டிய ஒரு மெஷினைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். பழைய மெஷினை ஆட்டிவைத்தது டாஸ், இதை ஆட்டிவைப்பது லினக்ஸ். அதனால் என்ன, சி புரோகிராம்தானே, மறுபடி கம்பைல் செய்து இந்த மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றினால் ஓடிவிட்டுப் போகிறது என்று தைரியமாகச் சொல்லிவிட்டாள். ஆழம் தெரியாமல் காலைவிடுவது என்பார்களே, அது இதுதான்.

காலையில் இரண்டு தரப்பும் பார்க்க அரக்கை உடைத்தார்கள். ஃபிளாப்பியில் இருந்ததை மெஷினில் ஏற்றினாள். எழுத்தை மாற்றக்கூடாது என்பதற்குக் காவலாக ஹமீது பாய் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கம்பைல் என்று தட்டினாள். கோனியோ என்றால் என்ன, எனக்குத் தெரியாது என்றது லினக்ஸ். சென்டரில் சி படித்த பிள்ளைகள் பிள்ளையார் சுழி மாதிரி முதல் வரியிலேயே அந்தக் கோனியோவைப் போட்டுவிடுவார்கள். டாஸில் மட்டும் இருக்கிற சரக்கு அது. வரியை அழித்தால் போயிற்று, ஆனால் அழிக்கக்கூடாதே! காத்தாயி ஒரு கணம் விழித்தாள். பிறகு அதே பெயரில் தானே சின்னதாக ஒரு கோப்பு எழுதிப் பக்கத்தில் வைத்தாள். புரோகிராம் தேடிய பெயர் கிடைத்தது, கம்பைல் ஆனது. பார்த்துக்கொண்டிருந்த பாய், கெட்டிக்காரிதான் என்று தாடியைத் தடவினார்.

அடுத்த தொல்லை ஆட்களைக் கூப்பிடுவதில் வந்தது. மூஸாவின் புரோகிராம் எல்லா வேலையையும் தானே செய்கிற ரகமில்லை. பண்ணைக்காரர் வரப்பில் நின்று ஆளைக் கூப்பிடுவதுபோல, இடையிடையே வெளியாளைக் கூப்பிடும். திரையைத் துடைக்க ஓர் ஆள், மடைகளை வரிசைப்படுத்த ஓர் ஆள், தாளை அச்சுக்கு அனுப்ப ஓர் ஆள். சொன்ன பெயரைக் கேட்டுப்போய் ஆளைப் பிடித்துவருவதற்கு ஷெல் என்று ஒரு கங்காணி. டாஸில் அந்த ஆட்களெல்லாம் இருந்தார்கள். லினக்ஸ் வேறு ஊர், அங்கே வேறு ஆட்கள்.

திரையைத் துடைக்கிறவனைக் கூப்பிட்டது, அப்படி ஒருவன் இல்லை என்று பதில் வந்தது. மடைக் கோப்பைக் கேட்டது, அதுவும் இல்லை என்று வந்தது. கோப்பு கண் முன்னால் கிடக்கிறது, இல்லையென்றால்? புரோகிராம் பெரிய எழுத்தில் கேட்கிறது, கோப்பு சின்ன எழுத்தில் வந்து இறங்கியிருக்கிறது. டாஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு இரண்டும் வேறு. கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தாக்கினாள். அச்சுக்கு அனுப்ப 'காப்பி' என்று கூப்பிட்டது. அந்தப் பெயரிலும் ஆளில்லை. சரி, இல்லாத ஆளுக்குப் பதிலாள் போட்டால் யார் கேட்பது? அந்தந்தப் பெயரிலேயே குட்டிக் குட்டியாகக் கட்டளைகள் எழுதி ஒரு தனி அறையில் உட்காரவைத்தாள். ஆட்கள் எந்தெந்த இடத்தில் இருப்பார்கள் என்று ஷெல் பார்க்கிற முகவரி வரிசை ஒன்று உண்டு, அதற்குப் பெயர் பாத். அதன் கடைசியில் அந்த அறையையும் சேர்த்துவிட்டாள். புரோகிராமில் ஒரு எழுத்து மாறவில்லை. ஒவ்வொரு பிழையும் விழ விழ அவளுக்கு வெறி ஏறியது. ஜன்னலில் தொங்கியவர்களுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் கபடி பார்ப்பதுபோல ஆர்வம். ஒன்று சரியானால் ஒரு சத்தம், இன்னொன்று வந்தால் ஒரு முனகல்.

கடைசியாக அச்சுப்பொறி கரகரவென்று கத்திக்கொண்டு தாளைத் தள்ளியது. கொட்டகையே ஆர்ப்பரித்தது. எல்லையம்மாள் மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அய்யாக்கண்ணு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைக் கிழித்து, தொண்டையைச் செருமி, முதல் வரியைப் படித்தார்.

"முதல் முறை. ஒண்ணாம் மடை. பஞ்சநாதன்."

யாருக்கும் சட்டென்று புரியவில்லை. அவர் மேலே படித்தார். இரண்டாம் மடை, மூன்றாம் மடை, கடைசியில் ஒன்பதாம் மடை எல்லையம்மாள். அசல் மாமூல் வரிசை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததுபோல் ஆகிவிட்டது. கீழப்பூவத்திக்காரர்கள் தோளிலிருந்த மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். மேலப்பூவத்திக்காரர்களும் எடுத்தார்கள்.

பஞ்சநாதனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. வருஷா வருஷம் டீக்கடையில் உட்கார்ந்து, அந்தப் பெட்டி என்னைக் கடைசியில் தள்ளிவிட்டது என்று புலம்புகிற மனுஷன் அவர். அந்தப் புலம்பலைக் கேட்காத காது பூவத்தியில் கிடையாது. இப்போது நியாயம் பேச ஆரம்பித்தார். பழைய மெஷினில் எலி இருந்தது. எலி புகுந்த மெஷின் கோளாறாகத்தான் சொல்லும், இத்தனை வருஷம் தப்புத் தப்பாகச் சொல்லியிருக்கிறது. இது பட்டணத்து மெஷின், சரியாகச் சொல்கிறது. அதுவும் யார் கொண்டுவந்தது? கடைமடைக்காரியின் மகளே கொண்டுவந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார். மதகடியில் பேசிய பேச்சை யாரோ எடுத்துக்கொடுத்ததற்கு, வாய்ப்பேச்சு வாய்க்காலோடு போச்சு, மெஷின் சொல்வதே முறை என்றுதானே கையெழுத்துப் போட்டோம் என்றார். அவர் பயிரும் வாடித்தான் கிடந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லையம்மாள் அவரைத் தாண்டி மகளிடம் வந்தாள்.

"ஏண்டி, களை எடுத்து எடுத்து உன்னைப் படிக்க வச்சது, பஞ்சநாதன் வயலுக்குத் தண்ணி பாய்ச்சவா?"

காத்தாயிக்குக் கண்ணில் நீர் முட்டியது, கூடவே கோபமும் வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. நேரம் கேட்டாள். சங்கு ஊதுகிற வரைக்கும் என்ன வேண்டுமானாலும் பார், ஆனால் ஒரு எழுத்தைத் தொடக்கூடாது என்றார் பஞ்சநாதன். பாயும் தலையை ஆட்டினார். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் ஒன்பதைத் தொட்டுவிட்டது.

பிழை என்று ஏதாவது வந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். இதில் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடி முடித்திருக்கிறது. சத்தம் போடுகிற கோளாறைவிடச் சத்தம் போடாத கோளாறு பொல்லாதது. முதலில் மடைக் கோப்பைத் திறந்து பார்த்தாள். ஒன்பது மடையும் சரியாக இருந்தன. பிறகு புரோகிராமைத் திறந்து, கையைக் கட்டிக்கொண்டு, வரி வரியாகப் படித்தாள். படிப்பதற்குத் தடை இல்லையே. நேரத்தைப் பிரிக்கிற கணக்கு சரி. அதற்கு முன்னால் வரிசைப்படுத்துகிற இடத்தில் புரோகிராம் தன் வேலையை நிறுத்திவிட்டு, 'சார்ட்', அதாவது 'வரிசைப்படுத்து' என்று ஓர் ஆளைக் கூப்பிட்டது. அவன் போட்ட வரிசையே வரிசை.

சார்ட்டைத் தனியாகக் கூப்பிட்டு மடைக் கோப்பைக் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை கணக்குப்பிள்ளை மாதிரி அடுக்கிக் கொடுத்தான். ஆக, வேலையைக் காட்டியவன் இவன்தான். ஆனால் இவனைக் குற்றம் சொல்ல முடியாது. சின்ன எண்ணை முதலில் வை, பெரிய எண்ணைக் கடைசியில் வை என்பதுதான் அவன் படித்த படிப்பு. அப்படியானால் இத்தனை வருஷமாக ஒன்பதை முதலில் வைத்தவன் எவன்?

அப்போதுதான் காலையில் பார்த்த ஒன்று அவளுக்குச் சுருக்கென்று உறைத்தது. ஃபிளாப்பியில் இன்னொரு சி கோப்பு இருந்தது. அதன் பெயரும் சார்ட். கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்த பிள்ளை ஒவ்வொன்றும் எழுதுகிற முதல் பயிற்சி அது. மூஸா படிக்கிற காலத்தில் எழுதியது தவறிப்போய்ச் சேர்ந்திருக்கும், லினக்ஸில் இதைவிட நல்ல சார்ட் இருக்கும்போது இது எதற்கு என்று உதட்டைச் சுழித்து ஒதுக்கியிருந்தாள். திறந்துகூடப் பார்க்கவில்லை! இப்போது திறந்தாள். சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்குத்தான் வரிசைப்படுத்தியிருந்தான் மூஸா. எழுதி வெளியே விடும்போது மட்டும் கடைசியிலிருந்து முதலுக்குப் போயிருந்தான். ஒன்பது முதலில், ஒன்று கடைசியில்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். பாயைப் பார்த்து, அந்த முதல் வருஷம் கடைமடைக்கு முதல் தண்ணீர் என்று பேசி முடித்த அன்றைக்கு மூஸா என்ன செய்தான் என்று கேட்டாள். பாய் யோசித்துச் சொன்னார். புரோகிராமை முன்னாடியே எழுதி எடுத்துக்கொண்டு வந்திருந்தானாம். பேச்சு முடிந்ததும், பெரியப்பா, பெரிய புரோகிராமைக் கிளறவேண்டாம், பக்கத்தில் ஒரு ஆளைப் போட்டால் போதும் என்று சொல்லி, இதே கொட்டகையில் உட்கார்ந்து ஏதோ தட்டினானாம். அதற்கப்புறம்தான் அரக்கு வைத்தார்கள்.

"பாய், டாஸ்ல ஒரு ஆளைக் கூப்பிட்டா முதல்ல சொந்த வீட்டுக்குள்ள, அதாவது அது நிக்கிற எடத்துலயே, பாக்கும். வீட்டுல இருந்தா அவன்தான் வருவான். லினக்ஸ் வீட்டுக்குள்ள பாக்கவே பாக்காது. முகவரி வரிசையில இருக்கிற ஊர்க்காரனைக் கூட்டிட்டு வந்துடும். மூஸா அண்ணன் போட்ட ஆளு வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்காரு. நான்தான் அவரை எழுப்பல."

பூவத்திக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க உரை எழுதவேண்டியதில்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து, தெருவுக்கு இரண்டு ரெத்தினம் இருக்கிற ஊர். மேலத்தெரு ரெத்தினத்துக்கு வந்த கல்யாணப் பத்திரிகையோடு கீழத்தெரு ரெத்தினம் போய்ப் பந்தியில் உட்கார்ந்த கதையெல்லாம் உண்டு. கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. பஞ்சநாதன் சிரிக்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் செத்தாயிற்று, நீ இப்போது உன் சௌகரியத்துக்கு ஓர் ஆளைப் புதிதாக எழுதி மூஸா பெயரைச் சொன்னால் நாங்கள் நம்பவேண்டுமா என்றார். உன் அம்மா வயலுக்கு நீயே தீர்ப்பு எழுதுவாயா என்றும் கேட்டார்.

கேள்வி நியாயமான கேள்விதான். பெரிய முள் பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

காத்தாயி ஃபிளாப்பியை அவர் கையிலேயே கொடுத்தாள். அதில் இருக்கிற சார்ட்டையும் மெஷினில் இருக்கிற சார்ட்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற கட்டளை ஒன்று இருக்கிறது, நீங்களே ஃபிளாப்பியைப் போட்டு நீங்களே தட்டுங்கள் என்றாள். அவர் ஒற்றை விரலால் குத்திக் குத்தித் தட்டினார். மெஷின் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய் நின்றது. ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டும் ஒன்று என்று அர்த்தம் என்றாள் காத்தாயி. பஞ்சநாதனா விடுவார்? வாயைத் திறக்காத சாட்சியை எந்தக் கோர்ட்டில் ஏற்றுக்கொள்வான் என்றார். சரி என்று மெஷினில் இருந்ததை ஒரு நகல் எடுத்து, அதில் எங்கேயாவது உங்கள் இஷ்டத்துக்கு ஒரு எழுத்தைச் சேருங்கள் என்றாள். நடுவில் எங்கேயோ ஒரு புள்ளியை வைத்தார். இப்போது ஒப்பிட்டதும், இத்தனையாவது வரியில் வித்தியாசம் என்று மெஷின் பட்டென்று சொன்னது. மறுபடி அசலை ஒப்பிட்டார். மறுபடி மௌனம்.

பஞ்சநாதன் அந்த மௌனத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவுதான் தண்ணீர் ஆசை இருந்தாலும், கையால் தட்டிப் பார்த்ததை இல்லையென்று சொல்கிற மனுஷன் அவர் இல்லை.

"முத்திரைக்குள்ள இதுவும் இருந்துச்சுங்களா, பாய்?" என்று கேட்டார்.

"இருந்துச்சு. உங்க கண்ணு முன்னாடிதானே அரக்கை உடைச்சோம்."

காத்தாயி குறுக்கிட்டாள். "அய்யா, எழுத்தை மாத்தினாத்தான் ஒப்பந்தம் செல்லாதுன்னு நினைச்சுட்டிருந்தேன். முத்திரைக்குள்ள இருந்த ஆளை வெளியில நிறுத்தினதும் அதே தப்புதாங்க. அது நான் செஞ்ச தப்பு. அவரையும் சேத்து ஓட்டினாத்தான் அது நீங்க கையெழுத்துப் போட்ட புரோகிராம்."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஓட்டு. ஒரு எழுத்து மாறாம, போன வருஷ வரிசை அப்படியே வந்துடுச்சுன்னா, முதப் பேரை நானே என் வாயால கூப்பிடறேன். வரலைன்னா மாமூல்."

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பது சரிதான். மூஸாவின் சார்ட்டைக் கம்பைல் செய்யத் தட்டினால் விரல் வழுக்கி வேறு எழுத்து விழுந்தது. அழித்துத் தட்டினாள். இதிலும் முதல் வரியில் கோனியோ! நல்லவேளை, காலையில் செய்துவைத்த பதிலாள் பக்கத்திலேயே இருந்தான், தடங்கலில்லாமல் தாண்டிவிட்டது. கம்பைல் ஆனது. ஆள் எழுந்தாயிற்று. ஓட்டினாள். வரிசை பழையபடி ஒன்று, இரண்டு, மூன்று என்றே வந்தது!

கீழப்பூவத்திப் பக்கம் யாரோ அடிவயிற்றிலிருந்து மூச்சுவிட்டார்கள். காத்தாயி மட்டும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள். பின்னே என்ன? ஊரெல்லாம் கேட்க வீட்டுக்குள் பார், வீட்டுக்குள் பார் என்று பேசிவிட்டு, அதை ஷெல்லிடம் சொன்னாளா? அதன் முகவரி வரிசையில் இன்னமும் ஊர்க்காரன்தான் முதலில் இருந்தான். அந்த வரிசையின் தலைப்பில் ஒரே ஒரு புள்ளியை வைத்தாள். லினக்ஸில் ஒற்றைப் புள்ளிக்கு, நான் நிற்கிற இந்த இடம் என்று பொருள். எங்கேயும் போவதற்கு முன்னால் முதலில் இங்கே பார். புரோகிராமுக்கு வெளியே வைத்த புள்ளி, முத்திரைக்குப் பங்கமில்லை. பாய் குனிந்து பார்த்து, அது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். பஞ்சநாதனும் குனிந்து பார்த்தார்.

பெரிய முள் பன்னிரண்டை எட்டிப்பிடிக்கப் போகிறது. மில்லில் சங்குக் கைப்பிடியைப் பிடித்தபடி ஆள் நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. காத்தாயி குலதெய்வத்தை நினைத்துக்கொண்டாள், அதாவது தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டாள், எண்டரைத் தட்டினாள்.

அச்சுப்பொறி ஒரு கணம் யோசித்தது. பிறகு கரகரவென்று கத்த ஆரம்பித்தது. முதல் வரி தலைகாட்டியதுமே, படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அய்யாக்கண்ணு தாளைக் கிழிக்கக்கூட இல்லை, மெஷினில் இருந்தபடியே படித்தார். அவர் குரலே மாறியிருந்தது.

"முதல் முறை. ஒன்பதாம் மடை. எல்லையம்மாள்."

எட்டு, ஏழு, ஆறு என்று இறங்கிக்கொண்டே போய் ஒன்றாம் மடை பஞ்சநாதனில் முடிந்தது. அவர் டீக்கடையில் வருஷா வருஷம் புலம்பிய அதே வரிசை. கடைசிப் பெயரைப் படித்து முடிக்கவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. கீழப்பூவத்தியே குதித்தது. காத்தாயியை யாரோ தூக்கினார்கள், யாரோ இறக்கினார்கள், யார் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவைத் தேடினாள். எல்லையம்மாள் அங்கே இல்லை. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கடைமடையைப் பார்த்து ஓட ஆரம்பித்திருந்தாள். அந்த வயதில் அப்படி ஓடுவாள் என்று மகளுக்கே தெரியாது.

மற்ற மடைக்காரர்களும் குரலை வாங்க அவரவர் மடைக்குப் போனார்கள். மிச்சப்பேர் எல்லோரும் பஞ்சநாதனைப் பார்த்தார்கள். வழக்கமாகக் கூப்பிடுகிற அவருடைய ஆள் முன்னால் வந்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மெதுவாக இறங்கித் தன் மடைக்குப் போனார். குனிந்து, மடைப்பலகையைத் தானே இறக்கி, சேற்றை அள்ளி இடுக்கெல்லாம் அப்பினார். ஒரு சொட்டு ஒழுகாது. தன் வாடிய பயிரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரைமேல் ஏறினார்.

அந்தக் குடும்பத்தில் எல்லையம்மாளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நடவுக்குக் கூப்பிட்டாலும் ஏய்தான், கூலி போடக் கூப்பிட்டாலும் ஏய்தான். அவளும் அந்தக் காலத்தில் ஆண்டே என்று சொல்லிக்கொண்டு, களத்துமேட்டில் எல்லோருக்கும் பிறகு கடைசியில் வந்து நின்றவள். காத்தாயி சின்னப்பெண்ணாக அதைப் பார்த்திருக்கிறாள். இப்போது கரையில் நிற்கிற மனிதரின் தொண்டையிலிருந்து என்ன வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

பஞ்சநாதன் இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

"எல்லையம்மா! உங்க முறை வந்துடுச்சு, மடையத் தொறங்க!"

இரண்டாம் மடைக்காரர் ஒரு வினாடி திகைத்துவிட்டுத்தான் குரலை வாங்கினார். தலைமடையில் எப்படிச் சொன்னார்களோ அப்படியேதானே கொடுக்க வேண்டும்? அப்படியே கொடுத்தார். மூன்றாம் மடை வாங்கியது, நாலாம் மடை வாங்கியது. எல்லையம்மா, மடையத் தொறங்க, மடையத் தொறங்க என்று வெடித்த வயல்களுக்கு மேலே அந்தப் பெயர் போய்க்கொண்டே இருந்தது. காத்தாயிக்குக் கண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

வெகு தூரத்திலிருந்து, மெல்லிசாக, ஆனால் தெளிவாக ஒரு பதில் குரல் கேட்டது.

"தொறந்துட்டேங்க!"

அய்யாக்கண்ணு சக்கரத்தைச் சுற்றினார். ஷட்டர் ஏறியது.